அப்பாவுக்கு அளவெடுக்காத கதிரை

எங்கள் வீட்டுக்குக் கொழும்பிலிருந்து ஒரு கதிரை வந்தது. அது வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னால் ஏதோ நியாயம் தேடுகிறாள் என்று நினைப்பீர்கள். என்னிடம் நியாயம் ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு நெஞ்சில் வருத்தம். கால் வீங்கும், மூச்சு முட்டும். பகலில் ஒருமாதிரிச் சமாளித்துவிடுவார். பாயில் சரிந்தால் மட்டும் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்ததுபோலத் திணறுவார். எழும்பிக் குந்திக்கொண்டு விடியும்வரை சுவரைப் பார்த்தபடி இருப்பார். நித்திரை இல்லாமல் எத்தனை நாளைக்கு ஒரு மனுஷனின் உடம்பு நிற்கும்? மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்குத்தர் குழாய் வைத்துப் பார்த்தார், மருந்துத் தண்ணீர் எழுதித் தந்தார், பிறகு என்னிடம் இங்கிலீசில் விளக்கினார். இவரை இனிப் படுக்க விடக்கூடாது, இருந்தபடிதான் நித்திரை கொள்ளவேண்டும் என்றார். கால் இரண்டும் நிலத்தில் ஊன்றவேண்டும், முதுகு நிமிர்ந்து நிற்கவேண்டும், முன்னுக்குச் சாய்ந்து கையையும் தலையையும் வைக்க ஓர் இடம் வேண்டும், அப்படி ஒரு கதிரை தேடிக் கொடுத்தால் நித்திரை வரும், நித்திரை வந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இருப்பார் என்றார். அவ்வளவையும் நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அந்த விஷயத்தில் நான் எதையும் ஒளிக்காமல் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் வீடு தேற்றாத்தீவில். வீட்டில் அப்போது குந்துவதற்கு இரண்டு வாங்கும் ஒரு மேசையும் இருந்தன. எல்லாம் வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருந்த ஓடாவியார் செய்தவை. கதவு, யன்னல், கலப்பை என்று எங்கள் ஊரில் மரத்தில் செய்த எதை எடுத்தாலும் அது அவர் கைபட்டதாகத்தான் இருக்கும். செத்தவர்களுக்குப் பெட்டி அடிப்பவரும் அவரே. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் செய்யும் சாமான்களில் பளபளப்பு என்பது மருந்துக்கும் இருக்காது. சீவுவார், பூட்டுவார், எண்ணெய் பூசுவார், கொண்டுவந்து வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விடுவார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பட்டணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கிழமை நாட்களில் விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருவேன், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரும்புவேன். எங்கள் தலைமை ஆசிரியையின் விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை இருந்தது. வார்னிஷ் பூசி, பிரம்பு பின்னி, இரண்டு பக்கமும் நீளமான கைகளோடு, தொட்டால் வழுக்கும். கொழும்பில் ஒரு கம்பனியில் நூறு நூறாகச் செய்து அடுக்கி வைத்திருப்பார்களாம். படப் புத்தகத்தைப் பார்த்து இலக்கத்தை எழுதிப் போட்டால் ரெயிலில் வந்து இறங்கும். அந்தப் படப் புத்தகத்தை நான் இரவல் வாங்கி என் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பாடக் குறிப்பு எழுதவேண்டிய நேரத்தில் அதைப் புரட்டிக்கொண்டிருந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து சேருவார். நான் ஒரே பிள்ளை. ஆகவே அந்த வீடு என் வீடு, அதற்குள் வருகிற எதுவும் என் சாமான். அந்த வருஷம் எனக்கு ஒரு கலியாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் இந்த எண்ணெய் பூசிய வாங்கிலா இருத்துவது என்று எனக்குள் ஒரே எரிச்சல். டாக்குத்தர் கதிரை என்று சொன்ன நிமிஷமே என் மனதில் வந்து நின்றது படப் புத்தகத்துக் கதிரைதான். அப்பாவின் வருத்தம் அதை எடுப்பிக்க எனக்கு ஒரு சாட்டாக வந்து சேர்ந்தது. சாட்டு என்று எழுதும்போது கை கூசுகிறது. வேறு சொல் இல்லை.

அம்மா ஓடாவியாருக்குத்தான் ஆள் அனுப்பினா. அவர் ஒரு சனிக்கிழமை வந்தார். அப்பா பின்வளவில் புளிய மரத்தடியில் காற்றுக்கு இருந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் ஓடாவியார் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், பிறகு விரலால் மண்ணில் கீறிக் காட்டினார். நிமிர்ந்த முதுகு, பதிந்த இருக்கை, இரண்டு கைகளுக்கும் குறுக்கே போட்டு எடுக்க ஒரு பலகை. அந்தப் பலகையில் ஒரு தலையணையை வைத்து ஐயா கவிழ்ந்து நித்திரை கொள்ளலாம் என்றார். முழங்காலிலிருந்து நிலத்துக்கு ஒன்று, இருக்கையிலிருந்து முழங்கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, மூன்று அளவு போதும், அடுத்த சனி முழக்கோலோடு வந்து அளக்கிறேன், காய்ந்த முதிரைப் பலகை கையிலேயே கிடக்கிறது, மூன்று கிழமையில் தந்துவிடுவேன் என்றார். அம்மாவின் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

அவரை வாசல் படலைவரை வழியனுப்பப் போனவள் நான். அங்கே நின்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் பெட்டி அடிக்கிற ஆள் எண்டு அம்மா ஏதும் யோசிப்பா, புள்ள. பெட்டிக்கு ஈர்க்கிலாலதான் அளக்கிற. அளந்த ஈர்க்கிலயும் குழிக்குள்ளயே போட்டிருவம். கதிரைக்கு இந்த முழக்கோல். இது ஒரு நாளும் பிரேதத்தில பட்டதில்ல. அம்மா பயந்தா இதச் சொல்லுங்க."

நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஊரில் படுத்திருக்கிற ஆளை அளந்தால் ஆயுள் குறையும் என்பார்கள். பச்சைப்பிள்ளையைக்கூட முழம் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். நான் நாலெழுத்துப் படித்தவள், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று அம்மாவோடு எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அன்று பின்னேரம் என்ன செய்தேன் தெரியுமா?

அம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. நான் வாசலில் சாய்ந்து நின்று, ஏதோ அப்போதுதான் யோசனை வந்தவள்போல மெல்லச் சொன்னேன்.

"அம்மா, ஓடாவியார் அப்பாவ அளக்கப் போறாராம். போன மாசம் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவ அளந்ததும் அவர்தானே. அதான் யோசிக்கிறன்."

அவவின் கை அப்படியே நின்றது. சட்டிக்குள் மீன் இருக்க, தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தா. அந்த யோசனை அதுவரை அவவுக்கு வரவே இல்லை. பாவம், கதிரை கிடைக்கப்போகிறதே என்ற சந்தோஷத்தில் இருந்த மனுஷி. சிவனே, எனக்கு இது தோணாமப் போச்சே என்று நெஞ்சில் கை வைத்தா. ஈர்க்கிலும் முழக்கோலும் வேறு என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம். வாய் நுனிவரை வந்தது என்று பொய் சொல்லமாட்டேன், வரவே இல்லை. நான் படப் புத்தகத்தை எடுத்துவரப் போனேன்.

அடுத்த சனி ஓடாவியார் வந்தபோது அம்மா அளக்க விடவில்லை. உத்தேசமாகச் செய்து தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தா. அவருக்குக் கோபம் வரவில்லை, ஆனால் முகம் சுருங்கியது. அளக்காமல் செய்கிற கதிரையைக் கடையிலேயே எடுக்கலாம், அதற்கு நான் எதற்கு என்றார். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் முற்றத்தைப் பார்த்தேன். அவர் முழக்கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு துறையடிக்குப் போய்விட்டார். அம்மா என்னிடம் திரும்பி, அந்தப் புத்தகத்துக் கதிரை நல்லதாக இருக்குமா மகள் என்று கேட்டா. அதைவிட நல்லது இல்லை என்றேன்.

அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வருத்தக்காரரிடம் அளவு, பெட்டி என்றெல்லாம் பேசக்கூடாது என்று அம்மா என் வாயைக் கட்டிவிட்டா. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் கதிரை வந்தது. ரெயிலில் மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் பாலம் தாண்டி ஊருக்கு வந்து சேர்ந்தது. வைக்கோலும் சாக்கும் பிரித்து எடுத்தபோது அயலட்டைச் சனமெல்லாம் முற்றத்தில் நின்றது. அடிப்பக்கத்தில் ஓர் இலக்கம் குத்தியிருந்தது. தொட்டுப் பார்க்காத கை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து இருத்தினோம்.

அப்பா கட்டை ஆள். இருக்கை ஆழம், பின்பக்கம் பதிந்து சரிந்திருந்தது. முதுகைச் சாய்த்தால் கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. காலை ஊன்றினால் முதுகுக்குப் பிடிமானம் இல்லை. சாய்ந்தபோது அவருக்கு மூச்சு இழுத்தது, எனக்கு அது கேட்டது. அந்தக் கதிரையைச் செய்தவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஓர் ஆளை மனதில் வைத்துத்தான் செய்திருப்பார்கள். அந்த ஆள் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா இரண்டு கைகளையும் நீளமான சட்டங்களில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ராசா மாதிரி இருக்குது மகள் என்றார். காலுக்குக் கீழே ஒரு பெட்டியை வைத்தோம். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தோம். போகப் போகச் சரிவரும் என்று நானே சொல்லி, நானே நம்பினேன்.

மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனைக் கதிரையில் இருத்தினோம். நல்ல பருத்த மனுஷன். ஆசையாகச் சாய்ந்தவர் எழும்ப முடியாமல் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கவேண்டி வந்தது. அப்பா அவ்வளவு நேரமும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று கேட்டவர்களிடம், எனக்கு இதுதான் சுகம் என்றார். அதை மரியாதைப் பேச்சு என்று நினைத்தேன். அந்தச் சம்பந்தம் வேறு ஏதோ காரணத்தால் குழம்பிப்போனது. அதைப் பற்றி எனக்கு இன்றைக்கு ஒரு கவலையும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் வீட்டுக்கு வரும்போது அப்பா கதிரையில்தான் இருப்பார். நான் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டதும் கையைத் தூக்கிக் காட்டுவார். எப்படி அப்பா என்று கேட்டால், நல்ல சுகம், பஞ்சு மெத்தை தோற்கும் என்பார். அவர் கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கன்னம் ஒட்டி, கால் மட்டும் ஊதி, தோல் மினுங்கியது. நெற்றியில் வரிவரியாக ஓர் அடையாளம் இருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு வருத்தம் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரவில் அவர் மூச்சிழுக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். விடிந்ததும் கேட்டால், நல்லாய் நித்திரை கொண்டேன் என்பார். அம்மா அப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பா.

மாரி பிறந்தது. அந்த வருஷம் வாவி பெருகிப் பள்ளிக்கூட முற்றத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை காலையில் எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மத்தியானம் நான் நனைந்து தொப்பமாகி வீட்டுக்கு வந்தேன். படலை ஏற்கெனவே திறந்து கிடந்தது. கதிரையில் யாரும் இல்லை. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது, தூசு படாமல்.

அப்பா உள்ளறையில் இருந்தார். குசினியில் அம்மா குந்தி வேலை செய்கிற பலகைக்கட்டையைக் கொண்டுவந்து போட்டு, அதில் குந்தியிருந்தார். முன்னால் மூன்று நெல் மூட்டை. அவற்றில் கை இரண்டையும் போட்டு, நெற்றியைக் குப்புற வைத்துக்கொண்டு, அரைக்கண் மூடியபடி இருந்தார். டாக்குத்தர் சொன்ன மாதிரியே, காலை நிலத்தில் ஊன்றி முன்னுக்குச் சாய்ந்து. முதுகுக்குத்தான் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஒரு பக்கமாகச் சரிவார், திடுக்கிட்டு எழும்புவார், திரும்பவும் கவிழ்வார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் மூன்று தடவை அப்படி நடந்தது. நெற்றியில் இருந்த வரி சாக்கின் வரி.

அம்மா என்னைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு எல்லாம் சொன்னா. கதிரை வந்த மூன்றாம் நாளே அப்பாவால் முடியவில்லையாம். பிள்ளை ஆசைப்பட்டு எடுப்பித்தது, அவளுக்குச் சொல்லாதே என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஞாயிறு பின்னேரம் நான் புறப்பட்டதும் இங்கே வந்துவிடுவார், வெள்ளி பின்னேரம் நான் வருமுன் கதிரையில் போய் ஏறிவிடுவார். ஆக, வெள்ளியும் சனியும் அவர் மூச்சுத் திணறினது எனக்காக. ஐந்து மாதம்.

எனக்குக் கோபம் வந்தது. என்ன சொல்ல, எனக்கு எது வந்தாலும் கோபமாகத்தான் வரும். ஏன் சொல்லவில்லை, நான் என்ன பேயா பிசாசா என்று அப்பாவிடம் கத்தினேன். அவர் மூட்டையிலிருந்து தலையைத் தூக்கி, நனைந்து நிற்கிற என்னைப் பார்த்தார்.

"கதிரையில பிழை இல்ல மகள். எனக்குத்தான் கால் கட்டை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

வெள்ளம் வடிந்ததும் மாமாவைக் கூட்டிக்கொண்டு ஓடாவியாரிடம் போனேன். மாமா அம்மாவின் தம்பி, தோணி வைத்திருந்தார். அப்பாவை அளக்க அம்மா இப்போதும் விடமாட்டா என்று எனக்குத் தெரியும். நான் மூட்டிய பயம் அவவுக்குள் நன்றாக வேர்விட்டுவிட்டது. அப்பாவின் நிலைமையைப் பார்த்து அது இன்னும் கூடியிருந்தது. இந்த நேரத்தில் அளந்தால் அன்றைக்கே போய்விடுவார் என்று நடுங்கினா. அந்தப் பயத்தை எடுக்கும் வழி என் கையில்தான் இருந்தது. ஈர்க்கில் கதையைச் சொன்னால், இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பா. அதற்கு என்ன சொல்வேன்? அதனால் வேறு வழி தேடினேன். நானும் அப்பாவும் ஒரே உயரம், ஒரே கட்டை உடம்பு. அவருடைய பழைய செருப்பு எனக்குக் கச்சிதமாக இருக்கும்.

என்னை அளந்து செய்யுங்கள் என்று ஓடாவியாரிடம் கேட்டேன். அவர் தன் மனுசியைக் கூப்பிட்டு, முழக்கோலை அவவின் கையில் கொடுத்து, தான் தள்ளி நின்று எப்படிப் பிடிப்பது என்று சொன்னார். நான் ஒரு மரக்கட்டையில் நிமிர்ந்து இருந்தேன். முழங்கால், முழங்கை, முதுகு. அந்தக் கோல் என் உடம்பில் பட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். இதற்காகவா அந்த மனுஷன் ஐந்து மாதம் சாக்கில் தலை வைத்துக் கிடந்தார்? வீக்கத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல் கூட்டுவம் என்று ஓடாவியார் பலகையில் கரியால் குறித்துக்கொண்டார். நிமிராமலே கேட்டார்.

"அந்த ஈர்க்கில் கதைய அம்மாவுக்குச் சொன்னீங்களா, புள்ள?"

"சொன்னன். அவவுக்குப் பயம் போகல்ல" என்றேன்.

அவர் கரித்துண்டை வைத்துவிட்டுப் பலகை எடுக்கப் போனார். மூன்று கிழமை என்றவர் இரண்டு கிழமையிலேயே முடித்து, தானே தோணியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கதிரை பார்வைக்கு ஒன்றுமில்லை. எண்ணெய் வாசம், தடித்த கால், குறுக்கே ஒரு பலகை. அப்பா அதில் இருந்தார். பாதம் இரண்டும் நிலத்தில் பதிந்தன. முதுகு பின்பலகையில் பொருந்தியது. ஓடாவியார் குறுக்குப் பலகையைப் போட, அம்மா தலையணையை வைத்தா. அப்பா கையை மடித்துக் கன்னத்தைச் சாய்த்தார். அட, என்று மட்டும் சொன்னார். நாங்கள் ஓடாவியாருக்கு வெற்றிலைத் தட்டம் வைத்துவிட்டுத் திரும்புமுன் அப்பா நித்திரையாகிவிட்டார். பத்து மணிக்குக் கவிழ்ந்தவர் மத்தியானச் சோற்றுக்கும் எழும்பவில்லை. வழமையான இழுப்புச் சத்தம் இல்லாததால் அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. அடிக்கடி போய் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தா. விளக்கேற்றுகிற நேரத்துக்குத்தான் கண் முழித்தார். முகம் தெளிந்திருந்தது. பசிக்குது என்றார். அவர் வாயால் அந்தச் சொல்லை எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்கிறோம்.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், என்னை அளக்காமல் ஓடாவி எப்படி இவ்வளவு சரியாகச் செய்தான் என்று. மாமா சிரித்துக்கொண்டு, மகளைத்தான் அளந்தது என்று போட்டு உடைத்தார். அப்பாவுக்கு விளங்கவில்லை. நான் இங்கேதானே இருக்கிறேன், என்னையே அளந்திருக்கலாமே, அதுவும் முதலிலேயே செய்திருக்கலாமே என்றார். குறையாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

பேசவேண்டியவள் நான். அம்மா கையில் இருந்த கறிச் சட்டியைக் கீழே வைத்தா.

"நான்தான் விடல்ல. பெட்டிக்கு அளக்கிற ஆள் எண்டு எனக்குப் பயமாப் போச்சுது. என்ட பிழைதான்."

அப்பா அவவைப் பார்த்தார். அவர் கண் கலங்கினதை அன்றைக்குத்தான் பார்த்தேன். உசிரோட இருக்கிற ஆளுக்கு அளவால என்ன வரும், பைத்தியக்காரி என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். நான் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா பிழை தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு உள்ளுக்குள் முதலில் வந்தது என்ன தெரியுமா? அப்பாடா என்ற ஒரு நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

அப்பா அந்த மாதம் முடியுமுன் போய்விட்டார். அந்தக் கதிரையில், காலை நேரம், கன்னத்தைப் பலகையில் வைத்தபடி. கடைசி நாட்களில் மனுஷன் நன்றாக நித்திரை கொண்டார் என்று ஊர் சொன்னது. ஐந்து மாதத்துக்கு முந்தியே கொண்டிருந்தால் இன்னும் எவ்வளவு காலம் இருந்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது. டாக்குத்தரிடம் கேட்கப் போய், ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கலியாணம் நடந்தது. என் வீட்டுக்காரர் நெட்டை. கொழும்புக் கதிரை அவருக்கு அளவெடுத்துச் செய்தாற்போலப் பொருந்தியது. வந்த நாளிலிருந்து அதில்தான் இருப்பார், நல்ல கதிரை எடுத்திருக்கிறாய் என்று என்னைப் புகழ்வார். நான் எழும்பிப் போவேன். அவருக்கு ஏன் என்று தெரியாது.

அம்மா அதற்குப் பிறகு எந்தக் கதிரையிலும் இருந்ததில்லை. விருந்தாட்கள் வந்தாலும் நிலத்தில் பாய் போட்டுத்தான் இருப்பா. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், கோயிலடியில் கண்டவர்களிடம், பிறகு பேரப்பிள்ளைகளிடம்கூட அதே கதையைச் சொல்வா. நான்தான் அந்த மனுஷன நித்திரை கொள்ள விடல்ல, நான் அளக்க விட்டிருந்தா இருந்திருப்பார் என்பா. கேட்கிறவர்கள், விதி வந்தால் நாம் என்ன செய்வது என்பார்கள். நானும் அங்கேதான் நிற்பேன். உங்கட பிழை இல்ல அம்மா என்று சொல்வேன். அதைவிட ஒரு சொல் கூடச் சொன்னதில்லை. சொல்ல எத்தனையோ நல்ல நேரம் வந்தது. பிள்ளை பிறக்கட்டும் என்றேன், வருஷத் திவசம் முடியட்டும் என்றேன், அவவுக்கு உடம்பு தேறட்டும் என்றேன்.

உடம்பு தேறவில்லை. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், கூப்பன் அரிசிக்குச் சனம் வரிசையில் நின்ற காலம். அம்மா எழும்ப முடியாமல் கிடந்தா. ஒரு நாள் காலை நான் கஞ்சி கொண்டுபோனேன். முதுகுக்குத் தலையணை வைத்து இருத்தினேன். அவவுக்கு அன்று நல்ல நினைவு இருந்தது. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தவ, மெல்லக் கேட்டா.

"மகள், நான் அண்டைக்கு ஓடாவியார வரச்சொல்லி ஆள் அனுப்பினவள்தானே. சந்தோசமாத்தானே இருந்தன். மறுகா அந்த நினைப்பு எனக்கு எங்கால வந்த? ஆர் என்ட தலையில போட்டது? யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், பிடிபடுதில்ல."

அவவின் கண் என் முகத்தில் நின்றது. குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. மறந்துபோனதை எடுத்துக் கொடுக்க என்னிடம் கேட்கிற பார்வை. வீட்டில் வேறு யாரும் இல்லை. கரண்டி என் கையில் இருந்தது.

"ஆறப் போகுது அம்மா, குடிங்க" என்றேன்.

அவ வாயைத் திறந்தா. நான் ஊட்டினேன்.